அடையாறு முகத்துவாரத்து நண்டுக் கணக்கு

"அங்க இனிமே யாரும் கூண்டு போடக்கூடாதுன்னு எழுதிடப் போறேன்" என்று எங்கள் புராஜெக்ட் தலைவர் ஒரு நாள் காலையில் சொன்னார்.

அடையாறு முகத்துவாரத்துச் சதுப்புக்காட்டில் சேற்று நண்டு எந்தப் பருவத்தில் பெருகுகிறது, எப்போது குறைகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். நாங்களாக நண்டு பிடிப்பதில்லை. ஆற்றோரத்தில் குடியிருந்த காசி கூண்டு போட்டுப் பிடித்து வருவார். அவர் விற்கப் போகும் முன் நான் ஒவ்வொரு நண்டின் முதுகோட்டு அகலத்தையும் காலிபர் அளவுகோலால் அளந்து, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று பதிந்துகொள்வேன். மழை முடிந்து ஆற்றில் மறுபடி உப்பு ஏறத் தொடங்கினால் கூண்டுகள் கனக்கும். அந்த வருஷம் கனக்கவில்லை. கிராஃப் தரையைத் தொட்டது.

"பாப்புலேஷன் கொலாப்ஸும்மா, நண்டு இனமே அழியுது. நாளைக்கே ரிப்போர்ட் போகணும்" என்றார் தலைவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தால் கோடுதான் தெரியும். காசியின் குடியிருப்பை அந்த மழைக்கு முன்புதான் காலி செய்து, ஊருக்கு வெளியே வீடு கொடுத்திருந்தார்கள். அவர் வாரத்தில் ஒரு நாள் வந்தாலே பெரிது. பிடிபட்ட நண்டைத்தான் எங்கள் புராஜெக்ட் எண்ணியது, போட்ட கூண்டை எண்ணவில்லை. தடை வந்தால் அந்த ஒரு நாள் பிழைப்பும் போய்விடும். காசிக்குப் போன் செய்தேன்.

"நண்டு கீது மேடம். நான்தான் இல்ல. தண்ணி ஏர்ற நேரத்துக்கு இங்கேர்ந்து பஸ் கெடைக்கல. நான் வந்து சேர்றதுக்குள்ள எறங்கிடுது."

ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி தலைவரிடம் மன்றாடினேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அன்று காசி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், பட்டினப்பாக்கத்தில் மச்சான் வீட்டில் தங்கினார். விடிந்ததும், தண்ணீர் ஏறும் நேரத்தில், அவரோடு படகில் போய்ப் பழையபடி எல்லாக் கூண்டுகளையும் போட்டோம். தண்ணீர் இறங்கும்போது அவற்றைத் தூக்கத் தூக்கப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் நின்ற தலைவர் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வந்து நண்டு நிறைந்த கூடையை எட்டிப் பார்த்தார்.

"இவர் வராததைத்தான் நாம கிராஃபா போட்டிருக்கோம்" என்றார். தடையை அன்றே ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த பருவம் தொடங்கியபோது காசியைக் கூப்பிட்டேன். "எப்ப வரீங்க?"

"வர்ல மேடம். படகைக் குட்துட்டேன். இங்கியே ஒரு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டியா கீறேன். நண்டெல்லாம் நல்லா கீதா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிராஃப் விழுந்தால், தண்ணீரைப் பார்க்கும் முன் கரையைப் பாருங்கள், அங்கே யாரைக் காணோம் என்று கேளுங்கள். ஒரு ரிப்போர்ட்டைத் திருத்த அது போதும். போன மனிதரைத் திரும்ப அழைத்து வர அது போதவில்லை.