எமனுக்குச் சோறு போட்ட தங்கை

எமதர்மராஜனை யாரும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். யாருக்குத் துணிச்சல் வரும்? கூப்பிட்ட ஒரே ஜீவன் அவருடைய தங்கை யமுனை. இருவரும் சூரியன் பெற்ற பிள்ளைகள். அவள் ஆறாக ஓடினாள்; அவர் உயிர்களின் பின்னால் ஓடினார். "நாளைக்கு வரேம்மா" என்று யுக யுகமாகச் சாக்குச் சொன்னவர், ஒரு தீபாவளி கழிந்து வந்த வளர்பிறைத் துவிதியையில் போயே விட்டார். புறப்படும்போது நரகத்தின் கதவைத் திறந்துவிட்டாராம். எண்ணெய்க் கொப்பரைகளுக்கெல்லாம் அன்று ஓய்வு; எருமைக்கு மட்டும் வாசலில் நிற்கிற வேலை. தங்கை நெற்றியில் திலகமிட்டு, வயிறாரச் சோறு போட்டாள். "என்ன வரம் வேணும்?" என்றார். "வருஷம் ஒருநாள் வா. இந்த நாளில் தங்கை கையால் சாப்பிடுகிற எந்த அண்ணனுக்கும் உன் பயம் இருக்கக் கூடாது" என்றாள். அண்ணன் தங்கைத் திருநாள் பிறந்தது அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த எமன், ஆஸ்பத்திரியில் சவ வண்டி ஓட்டினான். எல்லாருக்கும் அவன் எமன்தான்; பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில்தான் வெளியே வரும். வேகத்தடை வந்தால், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வண்டியை இறக்குவான்.

"செத்தவனுக்கு இடுப்பு வலிக்குமாடா?" என்று காவலாளி கேலி செய்வார்.

"பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு வலிக்குமே, அண்ணே."

துவிதியை வந்தால் அவன் தங்கையும் கூப்பிடுவாள். தன் தொழிலின் வாடை அவள் வீட்டில் ஒட்டிவிடுமோ என்று அவன் போனதே இல்லை. அவள் புருஷன் படுக்கையில் விழுந்த வருஷம், விடாப்பிடியாக நின்றாள். "எமனே வந்தான். உனக்கென்ன தலையில கொம்பா?"

கையைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பஸ்ஸில் போனான்.

உள்ளறையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "யாரு?"

"எங்கண்ணன் வந்திருக்காருங்க."

"அதுக்குள்ளயா?"

கொஞ்ச நேரம் கழித்து, "கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருமல். இந்தப் பக்கம் அவன் சோறு பிசைந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "எமன் மாதிரி நானும் கேக்கறேன். என்ன வரம் வேணும், சொல்லு" என்று சிரிக்கப் பார்த்தான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரை நீ ஏத்திட்டுப் போகக் கூடாதுண்ணா. வேற யாராவது ஓட்டட்டும். அந்த வண்டியில உன்னைப் பாத்துட்டா, அப்புறம் நீ இந்த வாசப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு அதுதான் கண்ணுல நிக்கும்."

"சரிம்மா" என்றான். பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

மழைக்காலத்தில், அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே மாப்பிள்ளை போனார். அவன் சாவியை இன்னொரு ஓட்டுநரிடம் கொடுத்தான். அந்த ஆளுக்கு அடுத்த சவாரி காத்திருந்தது, பறந்தான். தங்கை பின்னால் புருஷனின் தலையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். காவலாளியின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு பின்தொடர்ந்த எமன், ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் தூக்கி எறியப்படுவதை வண்டியின் பின்கண்ணாடி வழியே பார்த்தான். இல்லாத பிரேக்கை அவன் கால் மிதித்து மிதித்து ஓய்ந்தது.

அடுத்த துவிதியைக்கும் கூப்பிட்டாள். போனான். பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மடியில பிடிச்சிருந்தும் அவர் தலை இடிச்சுக்கிட்டே வந்துச்சுண்ணா. நான் கேட்ட வரம் தப்பு. திரும்ப எடுத்துக்கோ. என்னையாவது நீயே ஏத்திட்டுப் போ."

போன தடவை சட்டென்று "சரி" சொன்னவன், இந்தத் தடவை ஒரு உருண்டைச் சோற்றை அவள் கையில் வைத்து, "முதல்ல நீ சாப்பிடும்மா" என்றான்.