எட்டாம் நாள் பயிற்சி

சுந்தரியின் வற்புறுத்தலால்தான் கதிரேசன் அந்தத் தீவுக்கு வந்தார். கொல்கத்தாவிலிருந்து புறநகர் ரயிலில் இரண்டு மணி நேரம். பிறகு படகில் கால் மணி நேரம். அங்கே காரும் இல்லை, பேருந்தும் இல்லை. பலகை பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டிகளே போக்குவரத்து. மூன்று மாதமாக வீட்டுப் படி இறங்காத கணவருக்கு அந்த அமைதி மருந்தாகும் என்று சுந்தரி நம்பினார்.

கதிரேசன் கொல்கத்தாவின் பவானிபூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மூன்று மாதத்துக்கு முன், அவர் அருகில் அமர்ந்திருக்கையில், ஒரு பெண் ஓட்டிப் பழகிய கார் முதியவர் ஒருவர்மீது மோதியது. மூன்றாம் நாள் அந்த முதியவர் இறந்துபோனார். முதியவர் திடீரென்று குறுக்கே வந்ததே காரணம் என்று விசாரணை முடிந்தது. எல்லோரும் கதிரேசனுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு அழுகை வரவில்லை, தூக்கமும் கெடவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்பது மட்டும் தெரியாமற்போயிற்று.

பயிற்சி நிலைய உரிமையாளர் நரேன், திங்கட்கிழமை வேலைக்கு வருவதைப் பற்றி அன்று மாலைக்குள் முடிவு கேட்டிருந்தார். வருவதாகச் சொல்லும்படி சுந்தரி காலையிலிருந்து மூன்று முறை கூறிவிட்டார்.

இருவரும் மிதிவண்டிப் பலகையில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார்கள்.

"என்னங்க, உங்க தொழிலுக்கு இந்த ஊர்ல பொண்ணுகூடக் குடுத்திருக்க மாட்டாங்க" என்று சீண்டினார் சுந்தரி.

கதிரேசன் சிரிக்கவில்லை. அப்போது ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. வண்டிக்காரர் சட்டென்று நிறுத்தினார். கதிரேசனின் கால் வெறுங்காற்றை ஓங்கி மிதித்தது.

"அண்ணே, பிரேக் என் கையில இருக்கு!" என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார் வண்டிக்காரர்.

ஆற்றங்கரையில் இறங்கியதும் கதிரேசன் பேசினார்.

"சுந்தரி, பயிற்சிக் கார்ல என் பக்கத்துலயும் ஒரு பிரேக் உண்டுல்ல?"

"ஆமா, அதுக்கென்ன?"

"பயிற்சியோட எட்டாம் நாள் நான் அதுல கால் வைக்கிறதில்ல. காலைச் சீட்டுக்கு அடியில மடக்கிக்குவேன். ஓட்டுறவங்களுக்குத் தைரியம் வரணும்னு. எல்லாருக்கும் அப்படித்தான்."

சுந்தரிக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"அன்னைக்கு எட்டாம் நாளா?"

"ம்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல. நானும் சொல்லல."

இப்போதாவது அழுவார் என்று சுந்தரி அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் யாருக்கோ ரயில் நேரத்தைச் சொல்பவர் முகம்போலச் சலனமற்று இருந்தது.

கைப்பேசி ஒலித்தது. நரேன்.

"வர்றேன்னு சொல்லிடட்டுமா? நீதானே சொல்லச் சொன்ன?" என்று கேட்டார் கதிரேசன்.

சுந்தரி கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "தம்பி, அவர் வரமாட்டார். இல்லப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போவோம். இதை அவங்ககிட்ட சொல்லணும். நானும் கூட வர்றேன்."

"சொன்னா என்ன ஆகும்?"

"தெரியல."

கதிரேசன் தலையசைத்தார். இருவரும் படகுத்துறைக்கு நடந்தே போனார்கள். தன் காலிலிருந்து ஒரு செருப்பு சேற்றில் கழன்றுபோனதைச் சுந்தரி சொன்ன பிறகே கதிரேசன் நின்றார்.