பொன்னிக்கு ஊட்டிய முதல் துண்டு

என் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முதலில் கொடுத்தேன். அவள் இறந்துபோனாள்.

இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்துடன் நீங்கள் மூடி வைத்துவிடலாம்... படிப்பதானால் முழுவதும் படியுங்கள்.

1918, ஐப்பசி. ஜெர்மன் சண்டை முடியவில்லை. மலாய் நாட்டில், செந்தூல் ரயில்வே லயத்து ஒட்டு வீடுகளில் குடியிருந்தோம். என் கணவரும் அடுத்த வீட்டு முனியம்மாவின் கணவரும் ரயில் வேலைக்கென்று பஸ்ராவுக்குக் கப்பல் ஏறிப் பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. அரிசி கிடைக்கவில்லை. ஞாயிறு முதல் என் இரண்டு பெண்களும் கீரை வெந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். இவற்றை அன்றன்றே நோட்டில் எழுதி வைத்தேன். மிஷன் பள்ளியில் நான்கு வகுப்புப் படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

திங்கட்கிழமை, மலாய்க்காரர் குடியிருந்த கம்பத்தில் ஒரு வீட்டு வேலியோரம் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கினேன். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அந்த வீட்டு மலாய்க்கார அம்மாள் ஓடி வந்தாள்.

“பாஹிட்லா, தங்காச்சி! கசப்பு! காட்டுப் பன்னிகூட தொடாது. மூணு நாள் ஊற வை, தண்ணி கொட்டு, மறுபடி ஊற வை. கேக்குதா?”

கேட்டது. நன்றாகவே கேட்டது!

மூன்று நாட்கள் என் பெண்கள் தாங்குவார்களா? ஒரே இரவு ஊறவைத்து, செவ்வாய்க்கிழமை காலையில் அவித்தேன். நுனி நாக்கில் வைத்தேன். லேசான கசப்பு.

நீயே தின்று பார்த்திருக்கலாமே என்பீர்கள். நான் செத்தால் என் பெண்களுக்கு யார் என்று நினைத்தேன்... நினைத்தேன் என்பது உண்மை. அது பதில் ஆகாது.

அந்நேரம் முனியம்மா, தண்டவாளத்தோரம் புல் வெட்டக் கிளம்பியவள், தன் நான்கு வயது மகள் பொன்னியை என் வாசலில் விட்டாள்.

“அக்கா, இவள கொஞ்சம் பாத்துக்க. மண்ணகூட விடமாட்டா, அப்பிடியே அப்பன் வாயி!”

சிரித்தோம். அவள் போனதும் பொன்னியை மடியில் இருத்தி ஊட்டினேன்.

“பெரிம்மா, இன்னும் ஒண்ணு!”

கொடுத்தேன். “சூடு ஆறட்டும்” என்று என் பெண்களைத் தடுத்து வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலையில் சோற்றுப் பதம் பார்ப்பது போல!

நண்பகலில் வாந்தி எடுத்தாள். மூச்சு இரைத்தது. சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வரிசையைக் கவனியுங்கள்... முதலில் சட்டி. பிறகுதான் குழந்தை.

மருந்துக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கேட்டார். “என்னம்மா தின்னுச்சு?”

“கஞ்சிங்க ஐயா.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“கஞ்சிதாங்க.”

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் நானே அடைத்தேன்.

பொழுது சாயுமுன் போய்விட்டாள். பட்டணத்தில் பரவிய விஷக் காய்ச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். நோட்டில் நானும் ‘காய்ச்சல்’ என்றே எழுதினேன். எங்கள் லயத்தில் முதல் ஆள் காய்ச்சலில் படுத்தது அவள் போய் நான்கு நாட்கள் கழித்து, அந்த வாரச் சனிக்கிழமைதான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

பஸ்ராவிலிருந்து திரும்பிய பொன்னியின் தகப்பன் என்னைக் கும்பிட்டான். நான் வாங்கிக்கொண்டேன்!

பதினேழு ஆண்டுகளாக, ஐப்பசி தோறும் முனியம்மா மகளுக்குப் படையல் போடுகிறாள். இலையில் கஞ்சி வைக்க என்னைத்தான் அழைப்பாள். “ஊரே பட்டினி கெடந்தப்ப, ஒன் புள்ளைங்க கஞ்சிய எம்புள்ளைக்கு ஊட்டுனியே அக்கா. நீ வச்சாத்தான் அவ சாப்புடுவா.”

போன வருடம் வாய் திறந்தேன். “முனியம்மா, அது கஞ்சி இல்ல...”

“கூழோ கஞ்சியோ, குடுக்க ஒனக்கு மனசு வந்துச்சே!” என்று என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு இல்லை.

இதை எழுதும்போதே சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுகிறாள். இலை போட்டாயிற்றாம்.

போகிறேன்.