கேள்விக்குறி விழுந்த கையொப்பம்

கணவர் இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவருடைய கைப்பேசி எண்ணை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர் தக்காளி போட்டுவந்த மண்டிக்காரர்கள் இன்னமும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டார்கள். எடுத்து விஷயத்தைச் சொல்வேன். யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போலத்தான் குரல் வரும்.

இறப்புச் சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கி, கைப்பேசி நிறுவனத்தின் தளத்தில் ஏற்றினேன். ஏற்கவில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு பாலக்கோட்டிலிருந்து பஸ் பிடித்து, தருமபுரியில் இருந்த அவர்கள் கிளைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். சான்றிதழின் அடியில், டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறி.

"கையெழுத்து செல்லுமான்னு தெரியலன்னு வருதுங்கக்கா. எங்க சிஸ்டம் எடுத்துக்காது."

காரணம் எனக்குத் தெரியும். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி நான் செய்யும் வேலையே அதுதான். ஒரு சேவை போட்ட கையொப்பத்தை, வேறு பாதுகாப்பு விதிகளில் ஓடும் இன்னொரு சேவை நம்பும்படி செய்ய வேண்டும். இந்தக் கையொப்பம் உண்மையானதுதான். அதைப் போட அதிகாரம் கொடுத்தவர்கள் இவர்களுடைய நம்பிக்கைப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் விளக்கியிருக்கலாம். "சரிங்க" என்று எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் மாமியார் கேட்டார். "என்ன கண்ணு சொன்னாங்க?"

"அவரு செத்தத அவங்க கம்ப்யூட்டரு நம்ப மாட்டேங்குதுங்க அத்த."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கே நம்ப முடியலயே" என்றார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நடத்துநரிடம் டிக்கெட் வாங்கினேன்.

மறுநாள் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதினேன். எது விடுபட்டிருக்கிறது, எங்கே சேர்க்க வேண்டும் என்று, கம்பெனியில் எழுதுவது போலவே. கடைசியில் 'மாதிரிக் கோப்பு' என்று போட்டு அவருடைய இறப்புச் சான்றிதழை இணைத்திருந்தேன். அனுப்பிய பிறகுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. பட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. சரிசெய்துவிட்டார்களாம். அதே சான்றிதழை மறுபடி ஏற்றினேன். பச்சை டிக் விழுந்தது.

"முடிஞ்சிருச்சா?" வாசலில் நின்றபடி மாமியார் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க அத்த."

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மத்தியானம் எனக்கு மீட்டிங் இருந்தது. என் முறை வந்ததும், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சொன்னேன். யாரோ "சூப்பர்" என்றார்கள். மைக்கை அணைத்துவிட்டு, அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.