வயர் இல்லாத சூடு

வயர் இல்லாத சால்டரிங் அயர்ன் என்றாலே எனக்கு இளக்காரம். தச்சநல்லூர் வீட்டில், பிளக்கில் சொருகிய இருபத்தைந்து வாட் அயர்னை வைத்து ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று பொழுதுபோக்காக எதையாவது ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருப்பேன். துபாயிலிருந்து வந்த அத்தான், அக்காவின் கணவர், பேனா மாதிரி அப்படியொரு அயர்னைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு திரிந்தார். சிகரெட் லைட்டருக்கு அடைக்கும் கேஸ்தான் அதற்கும். "இது அயர்ன் இல்ல அத்தான், சின்ன அடுப்பு" என்று வாரிவிட்டேன்.

தங்கச்சி கல்யாணம் பாபநாசத்தில், ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில். தாரை வார்ப்பதற்கு முன்னால் அப்பா கோயிலுக்குள் கும்பிடப் போனார். வாசலில் வழக்கம்போல ஆண்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றினோம். அப்பாவும் ஒரே இழுப்பில் கழற்றினார். காது கேட்கும் மிஷின் பெட்டி சட்டைப்பையில் இருந்ததை மறந்துவிட்டார். காதுக்குப் போகும் வயர் சுண்டி இழுத்ததில், அது சொருகும் குழி பெட்டிக்குள்ளேயே பெயர்ந்துவிட்டது.

மிஷின் இல்லாவிட்டால் அப்பாவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி மகளைக் கொடுக்கவேண்டியவர் அவர். "நேரமாவுது, இவருக்குப் பதிலா பெரியப்பாவ உக்காரச் சொல்லுங்க" என்றார் யாரோ. அப்பாவுக்கு அது கேட்கவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போனது.

என் அயர்ன் வீட்டு மேசையில் கிடந்தது. கொண்டுவந்திருந்தாலும் அந்த மண்டபத்தில் சொருக இடமில்லை. அத்தான் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் தன்னுடையதை நீட்டினார். "பிடி மாப்ள. பைய வையி."

படித்துறையில் உட்கார்ந்து மிஷின் பெட்டியை ஊக்கால் நெம்பித் திறந்தேன். அத்தான் அயர்ன் மூடியிலிருந்த லைட்டர் கல்லை உரசியதும் நீலமாகத் தீ எழுந்து, உடனே அணைந்தது. முனைக்குக் கீழே இருந்த சல்லடை மட்டும் கேஸ் பட்டுச் சிவந்து நின்றது. வயரும் இல்லை, தீயும் இல்லை, சூடு மட்டும் இருக்கிறது! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பற்றவைக்கப் புது ஈயம் கையில் இல்லை. பெயர்ந்த இடத்தில் ஒட்டியிருந்த பழைய ஈயத்தையே தொட்டேன். நெய்யாக இளகிப் பளபளத்து, குழியைப் பழையபடி பிடித்துக்கொண்டது. படித்துறையில், ஆற்றுக் காற்றில், இரண்டே நொடியில்! இத்தனை வருஷம் பிளக் இருக்கும் சுவரைவிட்டு மூன்றடி தள்ளி உட்காரத் தெரியாதவனாக இருந்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்பா மிஷினை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். ஐயர் ஒரு வரி சொன்னார், அப்பா சொன்னார். அடுத்த வரியும் சொன்னார். மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. ஐயர் மறுபடி உரக்கச் சொன்னார். அப்பா வாய் திறக்கவில்லை. ஈயப் பற்று விட்டுவிட்டது என்று நான் பதறி ஓடினேன்.

அப்பா என்னைக் கையமர்த்தினார். "மிஷின் நல்லாத்தாம்லே இருக்கு. எல்லாம் கேக்கு. சொல்லத்தான் வாய் வரமாட்டேங்கு."