கேத்தில் வட்டம்

பழைய சைட்போட் வாங்கப் போகிறவர்கள் மரம் என்ன, கால் ஆடுகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பூரணி அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. அக்காவை ஏமாற்ற எது போதும் என்று மட்டும் பார்த்தாள்.

திருகோணமலையில் அரசாங்கக் கச்சேரியில் அவளுக்குத் தட்டெழுத்து வேலை. மனையாவெளியில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று யாரும் கேட்டால், கேட்டவரின் குரலிலேயே பதில் சொல்லிக் காட்டுவாள். அதனால் ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. கச்சேரியில் பெரியவருக்கு மூக்கடைத்த குரல் என்றால், அவர் லீவில் நின்ற நாட்களிலும் அந்தக் குரல் கந்தோரில் ஓயாது.

அப்பா துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் ஸ்டோர் பார்த்தவர். அவர்கள் கப்பலேறிப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். மற்றவர்கள் இரும்புக் கட்டிலையும் காற்றாடியையும் தூக்கிவர, அப்பா ஒரு முதிரை மரச் சைட்போட்டைக் கொண்டுவந்து இறக்கினார். இழுக்கிற மூன்று லாச்சி, கீழே இரண்டு கதவு, மேலே கண்ணாடி. அதுவரை பாயில் இருந்து சாப்பிட்ட குடும்பம் அதற்காகவே மேசை கதிரை வாங்கி, சாப்பாட்டறை ஒன்றும் இழுத்துக் கட்டியது. "ஊருலகத்தில சட்டைக்குப் பொத்தான் வாங்குவினம், உங்கட அப்பா பொத்தானுக்குச் சட்டை வாங்குறார்" என்று அம்மா முறையிட்டாள்.

அறை கட்டி முடிந்து சில வருடங்களில் சைட்போட் வீட்டை விட்டுப் போயிற்று. அக்கா இராசமலரை உப்புவெளியில் இராசதுரைக்குக் கட்டிக்கொடுத்தபோது சீதனத்தோடு அதையும் ஏற்றினார்கள். அன்றைக்கு அம்மா சொன்னதை அக்காவும் தங்கையும் பிறகு மாறி மாறி அம்மாவின் குரலில் சொல்லிச் சிரிப்பார்கள்: "சீதனமாய்ப் போன சாமான் பிறந்த வீட்டுப் படி திரும்பி ஏறக்கூடாது, பிள்ளையள். ஏறினா அந்தப் பொம்பிளையும் பின்னால வந்து நிப்பாள்."

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது உப்புவெளி வெறிச்சோடியது. அக்கா புருசனோடும் மகளோடும் மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்குப் படகேற வெளிக்கிட்டாள். போகுமுன் வீட்டைப் பூட்டி, திறப்புக்கோர்வையைத் தங்கையின் கையில் வைத்து, வீடு போனால் போகட்டும், சைட்போட்டை மட்டும் உன் வீட்டுக்கு எடுத்துவை, திரும்பி வந்தால் விற்கவாவது ஒரு சாமான் வேண்டும் என்றாள். பூரணி ஓம் என்றாள். தட்டுவண்டிக்காரனுக்கும் சொல்லி வைத்தாள்.

வண்டி வாசலுக்கு வந்த காலையில் அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். செத்துப்போன அம்மாவின் குரல் முதலில் வந்தது. பிறகு அயலட்டையின் குரல் ஒவ்வொன்றாக வந்தது: அக்கா படகேற முந்தியே தங்கச்சி வீட்டை வழிச்சுத் துடைச்சுப்போட்டாள், பாத்தியளே. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அத்தனை குரலும் அவள் வாயில்தான் இருந்தன. ஊரையே பழிப்புக் காட்டிப் பிழைத்தவள், தானே காட்டிய பழிப்புக்குப் பயந்துபோனாள்.

ஒரு கிழமைக்குள் உப்புவெளி வீட்டில் கதவு இல்லை, நிலை இல்லை, ஓடு இல்லை. சைட்போட்டும் இல்லை. யார் எடுத்தது என்று கேட்டால் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. திறப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

அதன்பிறகு இந்தியாப் பக்கம் போகிற வருகிற எல்லோரிடமும் பூரணி ஒரே கதையைத்தான் சொல்லி அனுப்பினாள். அக்காவின் சாமான் கவனமாகக் கிடக்கிறது, யோசிக்க வேண்டாம். மண்டபம் அகதி முகாமில் இராசதுரை நெஞ்சுவருத்தத்தில் செத்தார் என்ற செய்தி வந்தபோதும், அழுது முடித்து, அதையேதான் சொல்லி அனுப்பினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

தொண்ணூற்று நான்கில் சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் தங்கரத்தினம், முகாமிலிருந்து திரும்பிய தன் தம்பியின் வாயால் கேட்டதைக் கொண்டுவந்தாள். அடுத்த கப்பலில் அக்கா வருகிறாளாம். "சைட்போட்டை வித்துத்தான் கூரை போடப் போறாவாம். அதை நம்பித்தான் திரும்பி வரப் பேர் குடுத்தவவாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கரத்தினம் சூடைமீனை எண்ணத் தொடங்கினாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். பூரணி கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். எந்தக் குரலில் சொல்வதென்று தெரியவில்லை. சொந்தக் குரலில் அவள் பேசி வெகுகாலமாகிவிட்டது.

அம்மாவின் சங்கிலியை விற்றுவிட்டு உள்துறைமுக வீதியில் கலீலுர் றஹ்மான் நானாவின் பழைய தளபாடக் கடைக்குப் போனாள். துறைமுகத்துப் பங்களாச் சாமான்கள் பல கைமாறி அங்கேதான் வந்து சேரும். நானா முதலில் தேக்குச் சைட்போட் ஒன்றைக் காட்டினார். சலவைக்கல் மேல்தட்டு, பித்தளைக் கைபிடி. வேண்டாம், அழகு கூட. கருங்காலிப் பூவேலை செய்த ஒன்றைக் காட்டினார். வேண்டாம், உயரம் கூட. கடைசியில் மூலைக்குள், சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் ஒரு முதிரை நின்றது. மூன்று லாச்சி, இரண்டு கதவு, ரசம் போன கண்ணாடி. பின்கால் ஒன்று ஒட்டுப் போட்டது. இது போதும் என்றாள்.

நானாவுக்கு மனம் கேட்கவில்லை. கால் உடைந்ததை அவளுக்குத் தள்ளிவிட்டதாக நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது என்று தேக்கின் பக்கமே திரும்பத் திரும்பக் கையைக் காட்டினார். அவள் அசையவில்லை.

"எல்லாரும் இஞ்ச வந்து நல்லதைத் தேடுவாங்க, தங்கச்சி" என்றார் அவர். "நீங்க யாரையோ தேடுறீங்க."

வீட்டில் இறக்கி, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தபிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அக்காவின் சைட்போட்டில் ஒரு வட்டம் இருந்தது. இராசதுரை மச்சான் ஒருநாள் தேத்தண்ணி கொதிக்கிற கேத்திலை அப்படியே தூக்கி வைத்துவிட்டார். அக்கா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பூரணி தன் கேத்திலைக் கொதிக்க வைத்து, வலதுபக்க மூலையில் வைத்து அழுத்தினாள். முதல் தரம் மங்கலாக விழுந்தது. இரண்டாம் தரம் வெள்ளை வெளேரென்று விழுந்தது. தள்ளி நின்று பார்க்க, தனக்கே நம்பிக்கை வந்தது.

அக்கா வந்தாள். பாதி ஆள்தான் வந்திருந்தாள். மகள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அக்கா சாப்பாட்டறைக்குள் போய்ச் சைட்போட்டைப் பார்த்தாள். வலதுபக்க மூலையில் விரலை வைத்து, அந்த வட்டத்தை ஒருதரம் சுற்றினாள். பிறகு இன்னொரு தரம்.

"நல்லாய்ப் பாத்திருக்கிறாய்" என்றாள் அக்கா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கப்பலில் திரும்பி வந்தவர்களை வைத்திருந்த முகாமுக்குப் போய்விட்டாள்.

பூரணி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். கப்பலில் வந்த களைப்பு ஆறட்டும், விற்கிற கதையைப் பிறகு பார்க்கலாம், ஒருவேளை அக்கா மறந்தும் போகலாம் என்றுகூட நினைத்தாள். மூன்றாம் நாள் வாசலில் லொறி வந்து நின்றது. முன்சீற்றில் அக்கா. பக்கத்தில் றஹ்மான் நானா.

நானா உள்ளே வந்து தன் சரக்கைத் தானே பார்த்தார். ஒட்டுப் போட்ட காலைப் பார்த்தார், பூரணியின் முகத்தைப் பார்த்தார், வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டார். வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் கேட்டார்.

"இந்த வட்டம் எப்ப விழுந்தது? இதுக்கு விலை குறையுமே."

ஆட்கள் கயிறு போட்டார்கள். பூரணிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. இப்பவே விற்க வேணுமா, கொஞ்ச நாள் இஞ்ச நிக்கட்டுமே என்றாள்.

அக்கா திரும்பினாள். திரும்பிய வாயில் அம்மாவின் குரல் இருந்தது, அந்த இழுப்பும் அந்த மூச்சும் பிசகாமல். "சீதனமாய்ப் போன சாமான் பிறந்த வீட்டுப் படி திரும்பி ஏறக்கூடாது, பிள்ளை."

முந்தி இந்த இடத்தில் இருவரும் சிரிப்பார்கள்.

பிறகு அக்கா தன் குரலுக்கு வந்து, ஆட்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "அவற்ர கேத்திலுக்கு ஒருபக்கம் அடி நெளிஞ்சது, பூரணி. வட்டம் முழுசாய் விழேல்லை. பிறை மாதிரித்தான் கிடந்தது."

"அக்கா, இது நான்..."

"தெரியும். எனக்குக் கூரை வேணும்."

பூரணியிடம் எத்தனையோ குரல் இருந்தன. இது என் சாமான், அம்மாவின் சங்கிலியை விற்று வாங்கினது என்று ஆட்களுக்கு முன்னால் சொல்வதற்கு ஒன்றும் உதவவில்லை. இத்தனை காலமாய் அக்காவின் சாமான் என்று எல்லோருக்கும் சொன்னவள் அவளேதான்.

சைட்போட் கதவு நிலையில் இடித்தது. ஒட்டுப் போட்ட கால் கிறீச்சிட்டது. அவள் ஓடிப்போய் ஒரு மூலையைத் தாங்கினாள்.

"கவனமாய்ப் பிடியுங்கோ" என்றாள். "அக்கான்ர சாமான்."