ஆட்டாமப் புடிங்க அக்கா

எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகள் யாரோடு போனில் பேசுகிறாள் என்பதெல்லாம் என்னிடம் வந்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போகும். போகும்போது நானும் கொஞ்சம் உப்பு புளி சேர்த்துத்தான் அனுப்புவேன். மறைக்கவில்லை.

ஆனால் இந்த விஷயத்தில் ஒரு கல் உப்புகூட நான் சேர்க்கவில்லை. இது காதால் கேட்டது இல்லை. கையில் பிடித்தது. இந்த வலது கையில்.

போன வைகாசியில் நடந்தது. எதிர்வீட்டு அமுதவல்லியின் மகளுக்கு மறுநாள் காலையில் காதணி விழா. கறம்பக்குடி கடைத்தெரு முழுக்க தாய்மாமன் எழிலரசன் படம் போட்ட ஃபிளெக்ஸ். சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவன். படத்தில் கறுப்புக் கண்ணாடி, கையில் போன், பின்னால் கப்பல். கப்பலுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் காரியம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் ஆறு நாற்பது. நான் அவர்கள் வீட்டுக் கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எந்தச் சொந்தம் வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பார்க்க அதுதான் தோதான இடம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய கீற்றை உருவப் போன எழிலரசன், விரலைச் சூப்பிக்கொண்டே வந்தான்.

ஈர்க்கு குத்திவிட்டது என்றான். சிரித்தான். வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

ஏழு மணிக்கு மறுபடி பார்த்தேன். விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. கைக்குட்டை முழுக்கச் சிவப்பு. அடுத்தவர் கையைப் பிடித்துப் பார்க்க எனக்குக் கூச்சம் கிடையாது. பிரித்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. இரண்டிலிருந்தும் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. ஈர்க்குக் குத்திய காயம் இருபது நிமிஷமாகவா ஒழுகும்?

அமுதவல்லிக்கு நான் வாயைத் திறந்ததே பிடிக்கவில்லை. “நல்லது நடக்குற வீட்டுல பாம்பு கீம்புன்னு பேசாத” என்றாள். சரி, பேசவில்லை. துணைக்கு யார் போவது என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அது ஒரு அரசு ஆஸ்பத்திரி. எது என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் ராத்திரியும் அங்கேதான் இருக்கவேண்டும், பாவம்.

டாக்டர் சின்னப் பெண். பாம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் ரத்தத்தையே கேட்டுவிடுவோம் என்றார். ஷர்லி என்று ஒரு சிஸ்டர், அவன் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டார். பிளாஸ்திரியில் அவன் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டினார். 7.35.

அது எதற்கு, இது எதற்கு என்று நான் கேட்காமல் இருப்பேனா. ஷர்லி பொறுமையாகச் சொன்னார். நல்ல ரத்தம் என்றால் வெளியே வந்ததும் அதிலிருக்கிற அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வலை பின்னி, கட்டியாகிவிடும். விரியன் விஷம் ஏறியிருந்தால் அந்த வலை பின்னுவதற்கு நூலே மிஞ்சாது. இருபது நிமிஷம் குழாயை ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்களாம். உறைந்த தயிர் மாதிரி அசையாமல் நின்றால் இப்போதைக்குப் பயமில்லை. தண்ணீர் மாதிரி ஓடினால் உடனே ஊசி.

“உள்ள ரத்தம் சும்மா இருக்காதுங்க. நிமிஷத்துக்கு ஒரு சுத்து உடம்பு முழுக்கச் சுத்திரும்” என்றார். என் செய்திகூட எங்கள் தெருவை அவ்வளவு வேகமாகச் சுற்றாது.

பிரசவ வார்டிலிருந்து யாரோ கூப்பிட, ஷர்லியும் டாக்டரும் ஓடினார்கள். நானும் எழிலரசனும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். திறந்திருந்த கதவு வழியாக மேஜைமேல் அவன் குழாய் தெரிந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம்.

எழிலரசனால் உட்கார முடியவில்லை. எழுந்தான், நடந்தான், உட்கார்ந்தான், காலை ஆட்டினான். பந்தல்காரன் போன். சமையல்காரர் போன். அமுதவல்லி மூன்று தடவை போன். குழந்தை மாமன் மடியைத் தவிர யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்கிறதாம். அவன் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனான்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு ஆள் வந்து உட்கார்ந்து அது எனக்குத் தெரியாமல் போனது, என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இருபத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கழுத்தில், நெற்றியில் மாட்டுகிற பட்டை டார்ச் தொங்கியது. மல்லிகை பறிக்கிறவர்கள் விடிவதற்கு முன்னால் மாட்டிக்கொண்டு போவார்களே, அது. எரிந்துகொண்டே இருந்தது. வாய் சிவந்திருந்தது. இந்த வயசில் என்ன வெற்றிலை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கையிலும் ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், விளக்கு அணையாமல் பிடிக்கிற மாதிரி.

“மணி என்ன அக்கா?”

“ஏழு நாப்பத்தி ரெண்டு. ஒனக்கு எப்பம்மா எடுத்தாக?”

“ஏழு முப்பத்தஞ்சுக்கு.”

எங்களுக்கும் அதே நேரம்தான். ஆனால் ஷர்லி அப்போது ஒரே ஒரு குழாய்தானே வைத்திருந்தார்... வேறு சிஸ்டர் எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டேன். வடகாட்டுப் பக்கம் என்றாள். பூப் பறிக்கும்போது காலில் ஏதோ கடித்துவிட்டதாம். யார் வீடு, மாமனார் பெயர் என்ன என்று அடுத்த கேள்விக்குத் தயாரானேன்.

அவள் வெளியே பார்த்தாள். வெளியே கும்மிருட்டு.

“நல்லா விடிஞ்சிருச்சுல்ல அக்கா” என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மணி 7.46. மல்லிகை வாசம் வந்தது. அவள் தலையில் பூ இல்லை. மடியில் கட்டியிருந்தாள், பூ அல்ல, மொட்டு. காலையில் பறித்த மொட்டு இந்நேரத்துக்கு விரிந்திருக்கவேண்டும். அவள் மடியிலிருந்ததில் ஒன்றுகூட விரியவில்லை. பனி ஈரம்கூடக் காயவில்லை. வைகாசி வெயிலில்...

“மணி என்ன அக்கா?”

கடிகாரம் அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

“ஏழு நாப்பத்தெட்டு.”

“அம்பதுக்குப் பஸ் வந்துரும். அவுக கூப்பிடுவாக. அஞ்சு நிமிஷம் பத்தாம போயிரும்.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். முந்தானை நனைந்து சிவந்தது. மறுபடி வாய் ஓரத்தில் கசிந்தது. மறுபடி துடைத்தாள்.

அது வெற்றிலை இல்லை.

எழிலரசன் திரும்பி வந்தான். அவளை அவன் பார்த்த மாதிரியே தெரியவில்லை. “எந்திரிங்கக்கா, போவோம். வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. விழா முடியட்டும், நாளைக்கு மதியம் வந்து பாத்துக்கலாம்” என்றான். ஆட்டோவைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டானாம். எனக்கும் அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. எழுந்துவிட்டேன்.

7.50.

பாம்... பாம்...

பஸ் ஹாரன். ஆஸ்பத்திரி வாசலிலேயே அடிக்கிற மாதிரி. எட்டிப் பார்த்தேன். எங்கள் ஆட்டோ மட்டும் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ரோடு, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை காலி.

அவள் எழுந்து என் பக்கத்தில் நின்றிருந்தாள். நடந்து வந்த சத்தம் கேட்கவில்லை.

“இதக் கொஞ்சம் புடிங்க அக்கா. ஆட்டாமப் புடிங்க. இருபது நிமிஷம் ஆகணும். வந்து வாங்கிக்கிறேன்.”

குழாயை என் கையில் வைத்துவிட்டாள்.

அவள் விரல் ஐஸ்.

குழாய் சூடு. இப்போதுதான் உடம்பிலிருந்து எடுத்த சூடு.

அவள் வாசலைத் தாண்டிப் போனாள். ஆட்டோக்காரர் முன்னாலேயே போனாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

“வாங்கக்கா” என்றான் எழிலரசன்.

“இருடா. அந்தப் புள்ள குழாயக் குடுத்துட்டுப் போயிருக்கு. வந்து வாங்கிக்கட்டும்.”

“எந்தப் புள்ள?”

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற முடியுமா? கீழே வைக்கவும் பயம். ஆட்டக்கூடாது என்றாளே. நான் வராமல் தனியாகப் போக அவனும் தயங்கினான். அக்காளுக்குப் பதில் சொல்லவேண்டும், நான் ஊருக்கே சொல்லிவிடுவேன். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

7.52.

என் கை நாடி அடிக்க அடிக்க, குழாயில் ரத்தம் அதே தாளத்தில் துடித்தது.

7.53.

எழிலரசன் வாஷ்பேசினில் துப்பினான். சிவப்பு. “பாக்குப் போட்டியாடா?” என்றேன். அவன் இல்லை என்று தலையாட்டினான். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற பேச்சு அவனிடமிருந்து வரவில்லை.

7.54.

வாசலில் யாரும் இல்லை.

7.55.

ஷர்லி வந்தார். நேராக மேஜைக்குப் போய் அவன் குழாயை எடுத்துச் சாய்த்தார்.

ஓடியது.

தண்ணீர் மாதிரி.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். டாக்டர், ஊசி, சலைன், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். அந்த ஓட்டத்தில் ஷர்லி என் கையைப் பார்த்தார்.

“இது யாரோடது? நான் இன்னிக்கி ஒரு குழாய்தானே போட்டேன்.”

அந்தப் பெஞ்சில் இருந்த பெண் என்றேன். எந்தப் பெண் என்றார். குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெயரும் இல்லை, நேரமும் இல்லை. சாய்த்தார். அதுவும் தண்ணீராக ஓடியது. “எப்பங்க எடுத்தது, இப்புடிச் சுடுது?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸ் பக்கம் ஓடினார்.

ஆக, அதைத் தொட்டது நான் மட்டும் இல்லை. இது சாட்சிக்காகச் சொல்கிறேன்.

எழிலரசன் பிழைத்துக்கொண்டான். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அன்றைக்கு என்னை வாயை மூடச் சொன்ன அமுதவல்லி, இப்போது என்னை வைத்துத் தெருவெல்லாம் பெருமை பேசுகிறாள். கீற்று அடுக்கைப் பிரித்தபோது அடியில் சுருண்டு கிடந்தது, ஒரு முழம்கூட இல்லாத சுருட்டை விரியன்.

லீவை நீட்டித்து, ஆனி மாதம் விழா நடந்தது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. இரண்டு சொட்டு ரத்தம், உடனே நின்றுவிட்டது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்குப் பூ கொண்டுவந்தவள் அன்புச்செல்வி. வடகாட்டுக்காரி. ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் பக்கம் பூப் பறிக்கிற பெண் யாரையாவது பாம்பு கடித்ததா என்று கேட்டேன்.

அவள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் தம்பி மனைவி இலக்கியா. விடியற்காலையில் கடித்தது. அதே ஆஸ்பத்திரி. குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் இருக்கச் சொன்னார்கள். தம்பிக்குப் பூவை மண்டியில் சேர்க்கிற அவசரம். ஏழு ஐம்பது பஸ்ஸை விட்டால் பூ வாடிவிடும். யாரிடமும் சொல்லாமல் பதினைந்தாவது நிமிஷம் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் பேசாமல் குழாயையும் எடுத்துக்கொண்டாள். மிச்ச அஞ்சு நிமிஷத்தை பஸ்ஸில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம்.

“பஸ்ஸுல போற ஆளுகக்கிட்டல்லாம் மணி என்ன, மணி என்னன்னு கேட்டுக்கிட்டே வந்திருக்கா. சாச்சுப் பாத்தா ஓடுது. தம்பிக்கிட்டக் காட்டிருக்கா. அவன் இன்னுங் கொஞ்சம் பொறுன்னிருக்கான். மண்டி போய்ச் சேருறதுக்குள்ள வாயி, மூக்கெல்லாம்...”

அன்புச்செல்வி கூடையின் ஈரத்துணியை இழுத்து மூடினாள். இது எப்போது என்று கேட்டேன்.

“வர்ற தையோட ரெண்டு வருஷம்” என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டது இல்லை. அந்தக் குழாய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அது கையிலயே இருந்துச்சுக்கா. வெரல் வெறச்சுப் போச்சு. எவ்வளவோ பாத்தோம், பிரிக்க முடியல. அப்புடியே கையோட வச்சுப் பொதைச்சுட்டோம்.”

இதை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். மாசாமாசம் வாங்குகிற பிரஷர் மாத்திரையைக்கூட மெடிக்கலில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். எந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலும் உட்கார்வதில்லை. பின்னாலிருந்து யாராவது மணி கேட்டால், திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறேன்.

வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இன்னும் வரவில்லை.

வந்து கேட்டால் கொடுப்பதற்கு... அது என்னிடம் இல்லை.